ஊமை எருதின் கையெழுத்து

எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், பூசை உடுப்புகள் வைக்கும் அலமாரிக்கு மேலே ஒரு பழைய படம் மாட்டியிருக்கும். வெள்ளை அங்கியும் கறுப்பு மேலாடையும் போட்ட, கொஞ்சம் பருமனான சாமியார் ஒருவர் மேசை முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். நெஞ்சில் ஒரு சூரியன். வலது கையில் இறகுப் பேனா. காதருகே ஒரு புறா. சிறுமியாக இருந்தபோது பீடத்துக்குப் பூ வைக்கப் போகும் நேரமெல்லாம் அதைப் பார்ப்பேன். அவர் முன்னால் விரிந்திருக்கும் தாளில் வரிகள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், ஒரு அடித்தல் கிடையாது. நற்கருணை ஆசீரின்போது நாம் பாடுகிறோமே 'மாண்புயர் இவ்வருட்சாதனத்தை', அதன் லத்தீன் மூலம் அவர் எழுதியதுதான் என்று பங்குச்சாமி ஒருநாள் சொன்னார். பெயர் புனித தாமஸ் அக்குவினாஸ். புறா சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்து, வாட்டிகன் நூலகத்தில் இருக்கும் அவருடைய உண்மையான கையெழுத்தின் படத்தைக் கணினியில் பார்த்தேன். சத்தியமாக, முதலில் யாரோ பேனா ஓடுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த தாள் என்றே நினைத்தேன். எழுத்துக்கு உருவமே இல்லை. ஒரு சிறு வளைவு, ஒரு இழுப்பு, அதற்கு மேல் ஒரு கோடு, அடுத்த சொல். பாதிச் சொற்கள் சுருக்கம், சுருக்கத்துக்குள் இன்னொரு சுருக்கம். வரிக்கு வரி அடித்தல், அடித்ததன் மேல் திருத்தம், திருத்தத்தையும் அடித்துவிட்டு ஓரத்தில் வேறொன்று. இந்த எழுத்துக்கு லத்தீனில் வைத்திருக்கும் பெயரே 'புரிந்துகொள்ள முடியாத எழுத்து' என்பதுதான். அவர் காலத்து ஆட்களுக்கே வாசிக்க முடியவில்லை. இப்போதும் பழைய எழுத்துகளைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் அறிஞர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரால்தான் அதைச் சரளமாக வாசிக்க முடிகிறது.

எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வந்தது பெரிய மகிழ்ச்சி. ஏனென்றால் இந்த மாதிரி எழுத்தோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான்.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். சீனியருக்குத் தலைக்குள் சட்டம் ஓடும் வேகத்துக்குக் கை ஓடாது. பழைய கேஸ் கட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் பிராதுக்கான வரைவை எழுதி நீட்டுவார். 'கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது' என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி அவர் மகாராஜாவாக இருந்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் அழாத நாள் குறைவு. அப்புறம் மெல்லப் பிடிபட்டது. அவர் எங்கே அடிக்கிறார், எங்கே தயங்குகிறார், எந்த இடத்தில் பேனாவை அழுத்துகிறார் என்று பார்த்தாலே அடுத்து என்ன சொல்ல வருகிறார் என்று தெரிய ஆரம்பித்தது. கட்சிக்காரர்கள் பார்ப்பது நான் அடித்த சுத்தமான தாளை. அவர் யோசித்த விதம் முழுக்க அந்தக் கிறுக்கலில் கிடக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். இன்றுவரை எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அதனால்தான் தாமசைப் பற்றித் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். அவருடைய தத்துவத்துக்காக அல்ல, அது என் தகுதிக்கு மேலே. அவர் எப்படி எழுதினார், யார் எழுதிக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக.

ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் ரோக்கசெக்கா என்ற கோட்டையில், சுமார் 1225-இல், பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஐந்து வயதிலேயே மோந்தே கசீனோ மடத்தில், நம்மவர்கள் ஆசீர்வாதப்பர் சபை என்று சொல்கிறோமே அந்தச் சபையின் தாய்வீடு, அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஒருநாள் அந்தப் பெரிய மடத்துக்குத் தலைவராவார் என்பது வீட்டாரின் எண்ணம். அவரோ வளர்ந்ததும் சாமிநாதர் சபையில், அதாவது பிச்சை எடுத்துச் சாப்பிட்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யும் தொமினிக்கன் துறவிகளோடு, சேர்ந்துவிட்டார். சகோதரர்கள் வழியிலேயே மறித்துப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டுக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். மனம் மாறவில்லை. கடைசியில் விட்டுவிட்டார்கள். இதெல்லாம் எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் இருக்கிறது. என்னை நிறுத்தி வைத்தது அதற்கு அடுத்து வரும் பகுதி.

1248-இல் அவர் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போகிறார். அங்கே ஆசிரியர் பெரிய ஆல்பர்ட். தாவரம், மிருகம், கல், நட்சத்திரம், அரிஸ்டாட்டில் என்று எதையும் விடாமல் படித்த மனிதர். தாமஸ் வகுப்பில் வாயே திறக்க மாட்டார். ஆள் வேறு பெரிய உருவம். கூடப் படித்தவர்கள் 'ஊமை எருது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த எருது கத்தினால் அதன் சத்தம் உலகம் முழுக்கக் கேட்கும் என்று ஆல்பர்ட் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. கடினமான ஒரு கேள்விக்குத் தாமஸ் எழுதி வைத்திருந்த குறிப்பு அவர் அறை வாசலில் விழுந்து கிடந்ததாம். யாரோ எடுத்து ஆல்பர்ட்டிடம் கொடுத்தார்களாம். அதைப் படித்த பிறகுதான் ஆல்பர்ட் இந்த ஊமைப் பையனைச் சபை நடுவில் நிறுத்திப் பேச வைத்தாராம். அவருடைய பழைய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை இது.

கதை இருக்கட்டும், கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. திவோனீசியுஸ் என்ற பெயரில் வழங்கிய நூல்களுக்கு ஆல்பர்ட் சொன்ன விளக்க உரைகள் அடங்கிய கையெழுத்துப் பிரதி அது. எழுதியிருக்கும் கை தாமசுடையது. அதே புரியாத எழுத்து. பக்கம் பக்கமாக, இன்னொருவரின் வார்த்தைகள்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சர்ச்சில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் எழுத்தராக இருக்கிறார், ஆனால் அது ஓர் அலங்காரம். பெரிய அறிஞர் என்றால் கையில் பேனா கொடுத்து வரைவது வழக்கம். நேப்பிள்ஸ் பிரதியில்தான் அவர் நிஜமாகவே எழுத்தர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன், ஆசிரியர் சொன்னதை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறான். தன் கருத்தைச் சேர்ப்பது அவன் வேலை இல்லை. பிற்காலத்தில் அந்தப் பிரதியைப் புனிதரின் எலும்பை வைத்துக் கும்பிடுவதுபோல நேப்பிள்ஸ் மடத்தில் வைத்து வணங்கியிருக்கிறார்கள். வணங்கியது ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகத்தை. அதைவிடப் பொருத்தமான ஒன்றை வணங்கியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

தாமஸ் காலத்திலேயே வாழ்ந்த பிரான்சிஸ்கன் அறிஞர் பொனவெந்தூர், புத்தகம் ஒன்று உருவாவதில் நான்கு விதமான ஆட்கள் உண்டு என்கிறார். அடுத்தவர் சொல்லை ஒன்றும் கூட்டாமல் மாற்றாமல் எழுதுபவர் எழுத்தர். அடுத்தவர்கள் சொன்னதைச் சேர்த்து அடுக்குபவர் தொகுப்பாளர். அடுத்தவர் சொல்லை முதன்மையாக வைத்து, விளங்குவதற்காகத் தன் சொல்லைச் சேர்ப்பவர் உரைகாரர். தன் சொல்லை முதன்மையாக வைத்து, உறுதிப்படுத்த அடுத்தவர் சொல்லைச் சேர்ப்பவர் ஆசிரியர். கவனியுங்கள், நான்கு பேருமே எழுதுகிறார்கள், அடுத்தவர் சொல் இல்லாமல் எழுதுபவர் என்று ஒருவரும் இந்தக் கணக்கில் இல்லை. ஆசிரியருக்கும் கூட அடுத்தவர் சொல் வேண்டியிருக்கிறது. தாமஸ் இந்த நான்கு நாற்காலியிலும் உட்கார்ந்தவர். கொலோனில் எழுத்தர். நான்கு நற்செய்திகளுக்கும் திருச்சபைத் தந்தையர்களின் வரிகளைக் கோத்துக் கொடுத்தபோது தொகுப்பாளர். அரிஸ்டாட்டிலுக்கு உரைகாரர். சும்மா என்று அழைக்கப்படும் இறையியல் பெருந்தொகுப்பில் ஆசிரியர்.

சரி, அவர் கைப்பட எழுதியதற்கு வருகிறேன். பிற மதத்தாரோடு வாதிடுவதற்கென்று கருதப்படும் 'சும்மா கோந்த்ரா ஜென்டீலெஸ்' நூலின் பெரும்பகுதி அவர் கையெழுத்திலேயே மிஞ்சியிருக்கிறது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முதல்முறை பேராசிரியராக இருந்தபோது தொடங்கியிருக்கிறார். முதல் புத்தகத்தின் 53-ஆம் அதிகாரம் வரை ஒரே தோல்தாள், ஒரே மை. அதற்குப் பிறகு தாளும் மையும் மாறுகின்றன. 1259 கோடையில் பாரிசை விட்டு இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார், மீதியை அங்கே எழுதினார் என்று இதை வைத்தே கணக்குப் போட்டார்கள். எனக்கு இந்த விவரம் ரொம்பப் பிடித்தது. ஒருவர் ஊர் மாறியதை மையின் நிறம் எழுநூறு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறது.

அந்த 53-ஆம் அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது. கடவுளுக்கு எல்லாப் பொருள்களையும் பற்றிய அறிவு எப்படி ஒரே அறிவாக இருக்க முடியும் என்று அங்கே பேசுகிறார். எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார், அதையும் அடிக்கிறார், திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார். அச்சில் அதைப் படித்தால் கல்லில் செதுக்கிய மாதிரி அசையாமல் நிற்கும். கையெழுத்தில் பார்த்தால் ஒரு மனிதர் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வாசலைத் தேடுவது போல இருக்கிறது. புறா சொல்லித்தான் எழுதினார் என்றால் இத்தனை அடித்தல் எதற்கு?

இந்த எழுத்தை அப்படியே ஊருக்குக் கொடுக்க முடியாதே. அதனால் அவரே கைப்பிரதியை வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார், எழுத்தர் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதிக்கொள்வார். கொஞ்ச காலம் போனதும் தாமஸ் கைப்பட எழுதுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டு, நேராகச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். சுமார் 80 லட்சம் சொற்கள், ஐம்பது வயதைத் தொடாத வாழ்க்கையில், மாடு மாதிரி நடந்தே பாரிசுக்கும் ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் அலைந்த ஒருவரால் எப்படி முடிந்தது என்று கேட்டால், பதில் இதுதான். கூட இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள்: ஒரே நேரத்தில் மூன்று எழுத்தர்களுக்கு, சில நேரம் நான்கு பேருக்கு, வேறு வேறு விஷயங்களைச் சொல்வாராம். முதல் ஆள் ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது ஆளிடம் வேறொரு வாதத்தின் நடுப்பகுதிக்குப் போய்விடுவார். செஸ் ஆட்டக்காரர்கள் பத்துப் பலகைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே ஆடுவார்களே, அதைப் போல.

பிரான்சின் பிரிட்டனி பக்கத்து எழுத்தர் ஒருவர் இருந்தார், பெயர் ஏவெனுஸ் கார்வித். அவர் சொன்னதாக ஒரு செய்தி வருகிறது. தனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், தாமஸ் சற்று ஓய்வெடுக்க உட்காருவார், அப்படியே தூங்கிவிடுவார், தூக்கத்திலும் சொல்வது நிற்காது, நான் எழுதிக்கொண்டே இருப்பேன் என்று. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் நம்புகிறேன். சீனியர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே போன பத்திகளை அடித்தவள் நான். நடுவில் குறட்டை வந்ததும் உண்டு, குறட்டைக்குப் பிறகு வாக்கியம் விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்ததும் உண்டு.

மெழுகுவர்த்திக் கதையும் இப்படி ஓர் எழுத்தர் அறையில் நடந்ததுதான். மூவொரு கடவுளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் தாமஸ், கையில் எரியும் மெழுகுவர்த்தி. என்னிடம் எதைப் பார்த்தாலும் நீ எழுதுவதை நிறுத்தாதே என்று எழுத்தரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். மெழுகு உருகி, தீ விரல் வரைக்கும் வந்து சுட்டும் அவருக்குத் தெரியவில்லையாம். இதைப் புனிதரின் மனம் எவ்வளவு ஆழ்ந்திருந்தது என்று காட்டத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த எழுத்தரைப் பற்றித்தான் யோசனை. எதிரில் ஒருவர் விரல் எரிகிறது, நிறுத்தாதே என்பது உத்தரவு. அந்த வாக்கியத்தை எழுதிய கை நடுங்கியிருக்காதா?

அவருக்கு எல்லாமுமாக இருந்தவர் பிப்பேர்னோ ஊர் ரெஜினால்ட். எழுத்தர், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு, சாப்பிட்டாரா என்று பார்த்துக்கொள்ளும் தோழர், எல்லாம் அவரே. யோவான் நற்செய்திக்குத் தாமஸ் நடத்திய வகுப்புகள் நமக்குக் கிடைத்தது ரெஜினால்ட் எடுத்த குறிப்புகளால்தான்.

எழுத்தரின் மேசையை விட்டுப் போன நூல் அடுத்து புத்தக வியாபாரியிடம் போகும். பாரிசில் பல்கலைக்கழகம் அங்கீகரித்த கடைக்காரர்கள் இருந்தார்கள். ஒரு நூலின் சரிபார்த்த மூலப்பிரதியைத் தைக்காமல், பெரும்பாலும் நான்கு நான்கு இலைகளாக, துண்டு துண்டாக வைத்திருப்பார்கள். மாணவரோ கூலிக்கு எழுதுபவரோ ஒரு துண்டை வாடகைக்கு எடுத்துப்போய்ப் பிரதி எடுத்துவிட்டு, அதைக் கொடுத்து அடுத்த துண்டை வாங்க வேண்டும். இதனால் ஒரே நூலைப் பத்துப் பேர் ஒரே வாரத்தில் பிரதி எடுக்க முடியும். வாடகையையும் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கும். 1304-ஆம் ஆண்டுப் பட்டியலில் தாமசின் நூல்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தத் துண்டுகளில் ஒரு பிழை நுழைந்தால் அதிலிருந்து வந்த எல்லாப் பிரதிகளிலும் அது இருக்கும். கார்பன் தாள் மடங்கிய இடத்தில் நான்கு காப்பியிலும் அதே வெள்ளைக் கோடு விழுமே, அந்த மாதிரி.

1273 டிசம்பர் 6, புனித நிக்கோலாசு திருநாள். நேப்பிள்ஸில் காலைப் பூசை வைத்தார். பூசையில் என்ன நடந்ததோ, அதற்குப் பிறகு அவர் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. 'எழுதும் கருவிகளைத் தொங்கவிட்டுவிட்டார்' என்று சாட்சியத்தில் வருகிறது. சும்மாவின் மூன்றாம் பாகம், பாவமன்னிப்பு என்ற அருட்சாதனத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், பாதியில் நிற்கிறது. ரெஜினால்ட் கெஞ்சுகிறார், இவ்வளவு பெரிய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று. என்னால் முடியாது ரெஜினால்ட் என்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டதும், நான் பார்த்ததோடு ஒப்பிட்டால் நான் எழுதியதெல்லாம் எனக்கு வைக்கோலாகத் தெரிகிறது என்றார்.

உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் இந்த வாக்கியம் எப்படி வந்தது என்று பாருங்கள். ரெஜினால்ட் தன் சாவுப் படுக்கையில் இன்னொரு துறவியிடம் சொன்னார். அவர் கபுவா ஊர் பர்த்தலோமேயு என்ற சட்ட அறிஞரிடம் சொன்னார். பர்த்தலோமேயு 1319-இல், தாமசுக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்காக நேப்பிள்ஸில் நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார். அதை அங்கே உட்கார்ந்திருந்த எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுத்தெல்லாம் வைக்கோல் என்று சொன்ன வாக்கியமே நான்கு பேர் கைமாறி, ஓர் எழுத்தரின் பேனா வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது.

அடுத்த மூன்று மாதத்தில், லியோன் நகரில் கூடவிருந்த திருச்சபைப் பொதுச்சங்கத்துக்குப் போகும் வழியில், 1274 மார்ச் 7 அன்று பொசனோவா மடத்தில் இறந்துவிட்டார். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைத்துறை ஆசிரியர்கள் மே மாதம் சபைக்குக் கடிதம் எழுதினார்கள். அவருடைய எலும்புகளைக் கேட்டார்கள், அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட எழுத்துகளையும் கேட்டார்கள். சும்மாவின் மீதிப் பகுதியை, இளமையில் தாமஸ் எழுதிய வேறொரு உரையிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டி நிரப்பினார்கள். செய்தவர் ரெஜினால்ட்தான் என்பது பொதுவான கருத்து. குருவின் வாக்கியங்கள்தான், ஆனால் இருபது வருடத்துக்கு முந்தியவை. அறிஞர்கள் அந்தப் பகுதியை மட்டமாகப் பேசும்போது எனக்குப் பொறுக்காது. முதலாளி பாதியில் விட்டுப்போன கட்டை முடித்துக்கொடுப்பது என்றால் என்னவென்று அந்த மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். தன் சொல்லை ஒன்று கூட நுழைக்காமல், அவர் சொல்லை வைத்தே முடித்திருக்கிறார். பொனவெந்தூர் சொன்ன தொகுப்பாளர் என்றால் அது இதுதான்.

ஓவியர்கள் இதையெல்லாம் வரையவில்லை. இத்தாலியின் திரெவீசோ நகரில், சாமிநாதர் சபை மடத்துக் கூடத்தின் சுவர்களில் தொம்மாசோ தா மோதெனா 1352-இல் தீட்டிய ஓவிய வரிசை ஒன்று உண்டு. சபையின் பெரியவர்கள் நாற்பது பேர், ஒவ்வொருவரும் தன் சின்ன அறையில் தன் மேசையில், தனித்தனியாக. ஒருவர் இறகைச் சீவுகிறார், ஒருவர் புத்தகத்துக்குள் முகத்தை விட்டிருக்கிறார். ஆல்பர்ட்டும் அங்கே இருக்கிறார். சேன்-ஷேர் ஊகோ கர்தினால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறார், ஓவியத்தில் நமக்குத் தெரிந்த முதல் மூக்குக்கண்ணாடி அதுதான். மனிதர் 1263-இலேயே இறந்துவிட்டார், கண்ணாடி அதற்கும் சில பத்தாண்டு கழித்துத்தான் வந்தது, ஆனாலும் எழுதும் ஆளுக்குக் கண் வலிக்குமே என்று ஓவியருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த ஊகோவின் பெயரில் இருக்கும் பெரிய சாதனை, விவிலியத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு. அதைப் பாரிஸ் மடத்தில் துறவிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து செய்தார்கள். சுவரில் ஒருவர் தனியாக இருக்கிறார்.

தாமசுக்கும் அப்படி ஒரு சொல்லடைவு வந்தது, எழுநூறு வருடம் கழித்து. ரொபெர்த்தோ பூசா என்ற சேசு சபைக் குரு, தாமஸ் 'உள்ளே' என்ற சின்ன லத்தீன் சொல்லை எப்படியெல்லாம் பயன்படுத்தினார் என்று ஆராயக் கைப்பட 10,000 அட்டைகள் எழுதினார். இப்படியே போனால் ஆயுள் போதாது என்று 1949-இல் நியூயார்க் போய் ஐபிஎம் தலைவரைப் பார்த்தார். இயந்திரம் கிடைத்தது. ஆனால் இயந்திரத்துக்கு யாராவது சொல்லைக் கொடுக்க வேண்டுமே? மிலான் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊரில், 1950-களில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி, இளம்பெண்களைச் சேர்த்து, அட்டையில் துளையிடும் இயந்திரத்தில் அமர்த்தினார்கள். அவர்களுக்கு லத்தீன் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி அடிக்க வேண்டும், அர்த்தம் தெரிந்தால் கை தானாகத் திருத்திவிடும். எனக்கு டைப்ரைட்டிங் வகுப்பில் சொன்னதும் இதேதான், வாசிக்காதே, பார்த்து அடி. ஏறக்குறைய முப்பது வருட வேலைக்குப் பிறகு அது 56 பெரிய தொகுதிகளாக அச்சில் வந்தது. கணினி வழி மொழி ஆய்வின் தொடக்கம் என்று இன்று அதைப் பாடமாக வைக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் இருக்கின்றன. வரிசையாக இயந்திரங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண், கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கண் மூலத்தாளில், விரல் சாவியில். படங்களோடு அவர்கள் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. சமீப வருடங்களில்தான் ஆய்வாளர்கள் சிலர் கல்லராத்தேக்குப் போய், அவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பேசிப் பெயர்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

வைக்கோலுக்கு லத்தீனில் 'பாலேயா' (palea) என்பார்கள், லத்தீனில் ஐந்து எழுத்து. நற்செய்திக்கு உரை எழுதிய இடங்களில் தாமசுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது, அதனால் அந்த அட்டைகளிலும் அது இருக்கும். அதைத் துளையிட்ட பெண்ணுக்குப் பொருள் தெரிந்திருக்காது. ஐந்து துளை வரிசை, அப்புறம் ஒரு இடைவெளி, அடுத்த சொல்.